முதல் தொலைநோக்கி: காஜாங் வானத்துக்கு எது போதும்?



தைப்பூசம், திருக்கார்த்திகை, மார்கழித் திருவாதிரை, மாசி மகம், பங்குனி உத்திரம். நம்ம திருவிழாக்களின் பெயரிலேயே விண்மீன்கள் இருக்கின்றன. சுவரில் தொங்கும் நாள்காட்டியைக் கிழிக்கும்போதெல்லாம் அன்றைய நட்சத்திரம் கண்ணில் படுகிறது. ஆனால் "அண்ணா, பூசம் வானத்துல எங்க இருக்கு?" என்று ஒரு தம்பி கேட்டால், நம்மில் எத்தனை பேர் விரலை நீட்டிக் காட்டுவோம்?

காட்ட வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலர் உடனே ஆன்லைனில் தொலைநோக்கி தேடுகிறோம். இருநூறு ரிங்கிட்டுக்கு ஒரு பெட்டி வருகிறது, பெட்டியில் வண்ண வண்ண நெபுலா படம். இரண்டு ராத்திரி பார்த்துவிட்டு, ஆடுகிற மங்கலான ஒரு புள்ளியைத் தவிர எதுவும் தெரியாமல், மூன்றாம் நாள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். போனது பகுதி நேர வேலைச் சம்பளம் மட்டும் இல்லை, "வானம் பார்க்கிறதெல்லாம் நமக்கு இல்ல" என்ற எண்ணமும் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த எண்ணம் வராமல் தடுக்கத்தான் இந்தப் பாடம்.

நம் ஊர் வானத்தில் என்ன தெரியும்?

வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. சில்க் நெடுஞ்சாலை விளக்கு, ஸ்டேடியம் விளக்கு, வடக்கே கோலாலம்பூரின் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து காஜாங் வானம் இரவிலும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். பால்வீதி தெரியாது. மங்கலான நெபுலாக்களும் விண்மீன் மண்டலங்களும் கிட்டத்தட்ட இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்க.

ஆனால் நிலா, வியாழன், சனி, வெள்ளி, செவ்வாய், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்குத் தெருவிளக்கு பெரிய தடை இல்லை. அவை அவ்வளவு பிரகாசம். அதோடு நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 பாகையில் இருக்கிறோம். அதனால் கோள்கள் வானில் உச்சத்துக்கு வரும் நேரத்தில் கிட்டத்தட்ட எப்போதும் 60 பாகைக்கு மேலேயே நிற்கும். லண்டனில் இருப்பவர் சில ஆண்டுகளில் சனியைக் கூரைகளுக்குச் சற்று மேலே, கலங்கிய காற்றின் வழியாகப் பார்க்க வேண்டும். நமக்கு அது தலைக்கு மேலே.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. அடுக்குமாடி பால்கனியில் நின்றால் தலைக்கு மேலே இருப்பது மேல்வீட்டுத் தளம்தான்! கிழக்கு பார்த்த பால்கனி என்றால் கோள் உதித்த பின் சில மணி நேரம், மேற்கு பார்த்த பால்கனி என்றால் மறைவதற்கு முன் சில மணி நேரம் கிடைக்கும். மற்ற நேரத்தில் கீழே கார் நிறுத்துமிடத்துக்கோ பாடாங்குக்கோ இறங்கித்தான் ஆகணும். ஆக, நம் தொலைநோக்கி லிஃப்டில் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாதீங்க

விலை குறைந்த பெட்டிகளில் '500 மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொலைநோக்கியின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 650 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 26 மடங்கு. 10 மி.மீ. போட்டால் 65 மடங்கு. சின்ன ஐபீஸாக மாற்றிக்கொண்டே போனால் எண் ஏறிக்கொண்டே போகும். ஆனால் உள்ளே வந்த ஒளி அதே அளவுதான். வெள்ளம் கலந்த மிலோ மாதிரி, டம்ளர் பெரிசாகும், சுவை போய்விடும்.

பயனுள்ள உச்ச வரம்பு, மி.மீ. கணக்கில் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. 60 மி.மீ. கருவிக்கு 120 மடங்குதான் எல்லை. அதற்கு மேல் போட்டால் பெரிய மங்கல் கிடைக்கும், அவ்வளவுதான். 1610-ல் கலிலியோ வியாழனின் நான்கு நிலாக்களைக் கண்டது சுமார் 20 மடங்குக் கருவியில்!

எனவே பார்க்க வேண்டிய எண் விட்டம், அதாவது முன் லென்ஸின் அல்லது கண்ணாடியின் அகலம். இருட்டில் நம் கண்மணி சுமார் 7 மி.மீ. விரியும். 70 மி.மீ. லென்ஸ் அதைவிட 100 மடங்கு ஒளி சேர்க்கும். 130 மி.மீ. கண்ணாடி சுமார் 345 மடங்கு. விட்டத்தை வர்க்கம் செய்ய வேண்டும் என்பதால், கொஞ்சம் அகலம் கூடினாலே ஒளி நிறையக் கூடிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 114 அல்லது 127 மி.மீ. விட்டம், 1000 மி.மீ. குவியத் தூரம் என்று போட்டிருக்கும், ஆனால் குழாய் அரை மீட்டர்தான் இருக்கும். நடுவில் மறைவாக ஒரு லென்ஸ் வைத்து நீளத்தைக் கூட்டிய அமைப்பு அது. விலை குறைந்தவற்றில் படம் கூர்மையாக வராது, கண்ணாடியைச் சீராக்குவதும் கஷ்டம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒதுங்கியே இருங்க.

கண்ணாடியைவிடக் கால் முக்கியம்

பொறியியல் படிக்கும் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 65 மடங்கு பெரிதாக்கினால் அதிர்வையும் 65 மடங்கு பெரிதாக்குகிறோம். நல்ல லென்ஸை மெல்லிய அலுமினிய முக்காலியில் வைத்தால், ஃபோகஸ் திருகைத் தொட்டதும் சனி குதிக்கும். கடையில் குழாயை லேசாகத் தட்டிப் பாருங்க. ஓரிரு நொடிக்குள் ஆட்டம் நிற்க வேண்டும்.

தாங்கியில் இரண்டு வகை உண்டு. மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புவது ஒன்று. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் 'இக்குவேட்டோரியல்' இன்னொன்று. இரண்டாவதைப் பார்த்தால் ஏதோ பெரிய விஞ்ஞானக் கருவி மாதிரி இருக்கும். ஆனால் அதன் அச்சை வடதுருவத்தை நோக்கி வைக்க வேண்டும். நமக்கு அந்த இடம் அடிவானத்திலிருந்து வெறும் 3 பாகை உயரம். துருவ விண்மீன் மரத்துக்கும் மாடிக்கும் பின்னால் மறைந்திருக்கும். மலிவான பல தாங்கிகள் அவ்வளவு கீழே சாயவே சாயாது, சாய்ந்தாலும் எடைக்கல் காலில் இடிக்கும். ஐரோப்பியருக்கு வசதியானது காஜாங்கில் தொல்லையாகிவிடும். முதல் வகையே நமக்கு நல்லது.

அந்த முதல் வகையில் மிக எளியதும் மிக உறுதியானதும் 'டாப்சோனியன்' தாங்கி. அதற்குப் பின்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இருக்கு. ஜான் டாப்சன் (1915–2014) பெய்ஜிங்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1944-ல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த மடம் அது. பிரபஞ்சத்தைக் கண்ணால் பார்க்கணும் என்ற தவிப்பு அவருக்கு. கையில் காசு இல்லை. கப்பல் சன்னல்களின் பழைய கண்ணாடியைத் தேய்த்துக் குழிவாக்கினார், அட்டைக் குழாயை உடலாக வைத்தார், ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து அதன் மேல் சுழலவிட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார், செய்யவும் கற்றுக்கொடுத்தார். 1967-ல் மடத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மறு ஆண்டே 'நடைபாதை வானியலாளர்கள்' என்ற குழு உருவாக அவர் காரணமானார். தெருவோரம் தொலைநோக்கியை வைத்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவதே அவர்கள் வேலை. அந்த வடிவமைப்பிலிருந்து அவர் பணம் சம்பாதிக்க நினைக்கவில்லை. இன்று உலகம் முழுக்கக் கம்பெனிகள் அதைத்தான் செய்து விற்கின்றன.

பட்ஜெட் பார்த்து முடிவு

விலை கடைக்குக் கடை மாறும். சுமாரான கணக்கு இது.

*200 – 400 ரிங்கிட்:* இந்தத் தொகைக்குத் தொலைநோக்கி வேண்டாம். 7 மடங்கு 50 மி.மீ. அல்லது 10 மடங்கு 50 மி.மீ. பைனாகுலர் வாங்குங்க. நாற்காலியில் சாய்ந்து, முழங்கையை ஊன்றிப் பார்த்தால் நிலாவின் பள்ளங்களும் விண்மீன் கூட்டங்களும் அழகாகத் தெரியும். பின்னால் தொலைநோக்கி வந்த பிறகும் இது வீணாகாது.

*500 – 900 ரிங்கிட்:* 70 அல்லது 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, எளிய தாங்கியோடு. சனியின் வளையம், வியாழனின் நிலாக்கள், வெள்ளியின் பிறை எல்லாம் இதில் கிடைக்கும். தூக்கிச் செல்ல லேசு. முக்காலி உறுதியா என்பதை மட்டும் கவனிங்க.

*1000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல்:* மேசை மேல் வைக்கும் 130 மி.மீ. டாப்சோனியன். சுமார் 6 கிலோ எடை, லிஃப்டில் ஒரு கையில் தூக்கலாம். என் முதல் தேர்வு இதுதான். கீழே வைக்க நல்ல மர ஸ்டூல் வேணும், பிளாஸ்டிக் ஸ்டூல் ஆடும். கண்ணாடியை அவ்வப்போது நேராக்க வேண்டியிருக்கும், அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

*2000 ரிங்கிட்டைச் சுற்றி:* தரையில் நிற்கும் 6 அங்குல டாப்சோனியன். தரை வீடும் முற்றமும் இருப்பவர்களுக்கு அருமை. 12-ஆவது மாடியில் இருப்பவர் யோசிச்சு வாங்கணும்.

பழைய பொருள் வாங்கினால் டார்ச் அடித்து லென்ஸைப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு எந்தக் கருவியையும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் அல்லது பையில் வைப்பது நல்லது. ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுபோனால் கண்ணாடி முழுக்கப் பனி படியும். முன்கூட்டியே எடுத்து வெளியே வைச்சுடுங்க.

கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது: சூரியனைத் தொலைநோக்கியாலோ பைனாகுலராலோ ஒருபோதும் பார்க்காதீங்க. ஒரு நொடி போதும், பார்வை போய்விடும். ஐபீஸில் திருகும் சின்ன 'சன் ஃபில்டர்' பெட்டியோடு வந்தால் தூக்கிப் போடுங்க. சூட்டில் அது வெடிக்கும். முன்பக்கம் முழுவதையும் மூடும் சரியான சூரிய ஃபில்டர் இல்லாமல் அந்தப் பக்கமே திருப்பக் கூடாது.

பஞ்சாங்கம்தான் நம் கால அட்டவணை

நிலா சூரியனிடமிருந்து 12 பாகை விலகுவது ஒரு திதி. அதனால் பஞ்சாங்கம் வீட்டில் இருந்தால் எந்த இரவில் என்ன பார்க்கலாம் என்று முன்கூட்டியே தெரியும்.

வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை நிலா பார்க்க நல்ல நாட்கள். ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில் மலைகளும் பள்ளங்களும் எழுந்து நிற்கும். பௌர்ணமியில் நிழலே இல்லாததால் எல்லாம் தட்டையாகத் தெரியும். அமாவாசையை ஒட்டிய இரவுகள் விண்மீன் கூட்டங்களுக்கு.

கார்த்திகை: முருகனை வளர்த்த ஆறு பேர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை வானில் பாருங்க. வெறும் கண்ணுக்கு ஆறு தெரிந்தால் நல்ல இரவு. பைனாகுலரில் டஜன் கணக்கில் தெரியும்.

பூசம்: தைப்பூசத்தன்று முழுநிலா அருகில் நிற்பதால் பூசம் ஒளியில் மூழ்கிவிடும். மகா சிவராத்திரியில் நிலா இல்லை, நாமும் விழித்திருப்போம். நள்ளிரவு வாக்கில் பூசம் கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதை ஒட்டியே 'தேன்கூடு' என்று அழைக்கப்படும் விண்மீன் கூட்டம் இருக்கிறது. பைனாகுலரால் தேடுங்க.

அருந்ததி: கல்யாணத்தில் பகலில் 'பார்த்தாச்சு' என்று தலையாட்டும் அதே அருந்ததி. மே மாதக் கடைசியில் இரவு 10 மணி வாக்கில் வடக்கே பாருங்க. வசிட்டரும் அருந்ததியும் கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிவார்கள். தொலைநோக்கியில் 50 மடங்கில் பார்த்தால் வசிட்டரே இரண்டு விண்மீனாகப் பிரிவார். உங்கள் கருவிக்கு நல்ல பரீட்சை இது. அப்படியே தெற்கே திரும்பினால் தெற்குச் சிலுவை நிற்கும். லண்டனில் இருப்பவருக்குத் தெற்குச் சிலுவை இல்லை, மெல்பர்னில் இருப்பவருக்கு அருந்ததி இல்லை. நமக்கு இரண்டும் உண்டு.

சனி: 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி, கோடு போல மெலிந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போகும். இப்போது தொடங்குபவர்கள் அந்த மாற்றம் முழுவதையும் பார்க்கலாம்.

இந்த மாதப் பயிற்சி

1. ஒரு பைசா செலவில்லாமல் தொடங்குங்க. ஸ்டெல்லேரியம் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, ஐந்து இரவு, தினம் ஒரு விண்மீனைப் பெயர் சொல்லி அடையாளம் காணுங்க.

2. உங்கள் வீட்டிலிருந்து எந்தத் திசை திறந்திருக்கு, எவ்வளவு உயரம் வரை மறைப்பு இருக்கு என்று ஒரு தாளில் வரைந்து வையுங்க. எந்தக் கருவி வாங்குவது என்பதற்குப் பாதி விடை அந்தத் தாளில் இருக்கும்.

3. கிளைக் கூட்டத்தில் பேசுங்க. இருபது பேர் ஆளுக்கு அறுபது ரிங்கிட் போட்டால் ஒரு நல்ல 130 மி.மீ. கருவி வாங்கலாம். தனித்தனியாக இருபது விளையாட்டுப் பொருள் வாங்குவதைவிட அது மேல். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் வாசலில் அரை மணி நேரம் வைத்தால் போதும், வரிசை தானாக நிற்கும். பாட்டிமார்களை முதலில் பார்க்க விடுங்க. ஆயுள் முழுக்க நவக்கிரகம் சுற்றிய சனீஸ்வரனை வளையத்தோடு அவர்கள் ஒருமுறை கண்ணால் பார்க்கட்டும்.