டாஸ் மெஷினும் சும்மா வரும் விண்டோஸும்

அஞ்சுகிராமம்

அன்புள்ள மருமகனுக்கு,

நாகர்கோவில் லேப்டாப் கடையில் நின்றபடி நீ போனில் கேட்டது மாமாவின் மனதைவிட்டுப் போகவில்லை. "டாஸ் மெஷின் எடுத்தா காசு மிச்சமாம் மாமா. விண்டோஸ் அவியளே சும்மா போட்டுத் தாரோம்னு சொல்லுகாவ. எடுக்கட்டா?" என்றாய். கடை இரைச்சலில் "பொறு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மிச்சப் பதில் இது.

டாஸ் மெஷின் வாங்குவதில் தப்பு இல்லை. விண்டோஸ் உரிமத்துக்குக் காசு கட்டாமல், ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பேருக்கு வைத்துத் தயாரிப்பாளர் அனுப்பும் லேப்டாப் அது. அதனால் விலை குறைவு. தப்பு அதற்குப் பிறகு நடக்கிறது. கடைப் பையன் பென்டிரைவைச் செருகி விண்டோஸை ஏற்றுவான். உரிமச் சாவி கிடையாதே, அதனால் சாவி இருப்பதாக விண்டோஸை நம்பவைக்கும் 'ஆக்டிவேட்டர்' ஒன்றை ஓட்டுவான். அது தடையில்லாமல் ஓடுவதற்கு ஆன்டிவைரஸை முதலில் அணைப்பான். யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத நிரலிடம், காவலையும் எடுத்துவிட்டு, கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறார்கள். உதவித்தொகைக்கு ஆதார் எண் கொடுப்பதும் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே கணினியில்தான். இப்படிப்பட்ட ஆக்டிவேட்டர்களுக்குள் கடவுச்சொல் திருடும் நிரல்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. மிச்சமாகும் காசை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்.

ஆகவே வழி இரண்டுதான். ஒன்று, உரிமத்தோடு வரும் விண்டோஸ் லேப்டாப்பை வாங்கு. அல்லது டாஸ் மெஷினை வாங்கி, இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்று. சட்டப்படியும் சரி, செலவும் இல்லை. மூன்றாவது வழி என்று கடையில் சொல்வதைக் கேட்காதே.

இரண்டில் எது என்பதை உன் பாடத்திட்டம் முடிவு செய்யட்டும். நீ சேரப்போவது மெக்கானிக்கல். அதற்கான வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆட்டோகேட் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், லினக்ஸுக்கு இல்லை. பி.காம். படிக்கிறவருக்கு டேலி வேண்டும், அதுவும் விண்டோஸுக்கானது. ஐபோன் செயலி எழுத எக்ஸ்கோடு வேண்டும், அதற்கு மேக் இல்லாமல் முடியாது. மேட்லாப், பைத்தான், ஜாவா மூன்றுக்கும் எந்த இயங்குதளமும் சம்மதம். சில ஆன்லைன் தேர்வுகளுக்குக் கேட்கப்படும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் விண்டோஸிலும் ஆப்பிள் கருவிகளிலும் உண்டு, லினக்ஸில் இல்லை. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், உனக்கு முதல் இயங்குதளம் உரிமமுள்ள விண்டோஸ்தான்.

அதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் அன்றைக்கு நீ இன்னொன்றும் சொன்னாய்: "லினக்ஸ்லாம் ஐ.டி. படிக்கிறவங்களுக்குத்தானே மாமா." இதைக் கேட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? காற்றும் நீரும் ஓடும் விதத்தைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம், லினக்ஸை மையமாக வைத்து வளர்ந்த மென்பொருள். அது மெக்கானிக்கல்காரர்களின் கருவி. உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. 2017 நவம்பரிலிருந்து அதில் உள்ள ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. வானிலைக் கணிப்பு, விமானச் சிறகைச் சுற்றிய காற்றோட்டம் போன்ற கனமான கணக்குகளெல்லாம் அப்படிப்பட்ட கணினிகளில்தான் நடக்கின்றன.

லினக்ஸ் ஐ.டி.காரர்களுக்குத்தான் என்ற எண்ணம் உனக்கு எப்படி வந்தது என்பதற்கு மாமாவிடம் நெடுநாளாக ஒரு விளக்கம் உண்டு. பொறுமையாகக் கேள்.

1956 நவம்பர் 1 வரை நம் ஊரும் பாறசாலையும் ஒரே திருவிதாங்கூர்ப் பக்கம்தான். அன்றைக்குக் களியக்காவிளையில் கேரள எல்லை விழுந்தது. அந்த எல்லைக்கு அப்பால் பாறசாலையில் அரசுப் பள்ளியில் படிக்கும் உன் வயதுப் பையனைப் பிடித்துக் கேள். எட்டாம் வகுப்பிலேயே லினக்ஸில் படம் வரைந்திருப்பான், ஜியோஜீப்ராவில் வடிவியல் செய்திருப்பான். கேரள அரசு 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் தேர்வுப் பாடமானது; 2008 வாக்கில் அந்தத் தேர்வு முழுக்க லினக்ஸுக்கு மாறியது. 2017இல் திட்டம் 'கைட்' என்ற நிறுவனமாக மாறியபிறகும் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட சொந்த லினக்ஸையே பள்ளிகளுக்கு வழங்குகிறது. அங்கே தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடநூல் இருக்கிறது.

நம் பக்கம் முயற்சிக்குக் குறைவில்லை. தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் 2007 வாக்கிலேயே அந்த நிறுவனத்தின் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். அதே 2007இல் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதல் கட்ட லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டர் என்பது திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றவிடாத குறைப் பதிப்பு. அதில் பிள்ளைகள் முட்டி மோதினார்கள். பக்கத்தில் முழுசாக இருந்த பாஸைப் பலர் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? பாடத்தில் இல்லை, பரீட்சையில் இல்லை, ஆசிரியருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேரளம் இயங்குதளத்தைத் தேர்வில் வைத்தது. நாம் ஹார்ட் டிஸ்கில் வைத்தோம். இரண்டு மாநிலப் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் என்பது மாமாவின் கட்சி.

2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் விண்டோஸோடு உபுண்டுவையும் கற்றுத்தருகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பிரிவை எடுத்தவர்களுக்கு மட்டும்தான் அந்த நூல். நீ எடுத்தது உயிரியல்.

இன்னொரு வாதமும் உன்னிடமிருந்து வரும்: "இப்போ படிச்சு என்ன ஆகப்போகுது?" லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் தன்வரலாறு 2001இல் வந்தது, தேடி எடுத்து வாசி. 1991இல் அவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். கடனிலும் தவணையிலும் ஒரு 386 கணினி வாங்கினார். டானன்பாம் எழுதிய இயங்குதளப் பாடநூலை வாசித்துவிட்டு, அந்த நூல் விளக்கும் மினிக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினார். அது போதவில்லை என்று, அந்த ஆகஸ்டிலேயே தான் எழுதிக்கொண்டிருந்ததை உலகுக்கு அறிவித்தார். வயது 21. உன் சட்டைப்பையில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனின் கருவும் அதுதான்.

தமிழ் விண்டோஸில்தான் சரியாக வரும் என்று உன் சித்தப்பா சொல்வதையும் நம்பாதே. 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு, லிப்ரே ஆபீஸின் முகப்பைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மேக்கில் வரும் இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கியவை. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் படிக்க 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ் இருக்கிறது. பழைய இதழ்களை மாமா இன்னமும் புரட்டுவதுண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களில் பல தமிழ்க் குரலில் கிடைக்கின்றன.

இனிச் செய்ய வேண்டியது. உன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறதே, முதலில் அதை இறக்கு. விண்டோஸ் 10க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய மெஷினை ஏற்காது. ஆனால் டெபியனை எக்ஸ்எஃப்சிஇ திரையோடு ஏற்றினால் அந்த லேப்டாப் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் வேகமாகவே ஓடும். அதில் எது கெட்டாலும் நட்டமில்லை, திரும்ப ஏற்று.

கை பழகியபின் புது லேப்டாப்பில் லினக்ஸை விண்டோஸுக்குப் பக்கத்தில் வை. தொடங்கும் முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள். இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும், சாவி இல்லாவிட்டால் கோப்புகள் போயே போச்சு. வட்டில் இடம் பிரிப்பதை விண்டோஸின் உள்ளிருந்தே செய். இரண்டும் ஏறியபிறகு கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பதறாதே. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை இந்திய நேரத்தில் வைக்கும், லினக்ஸ் உலகப் பொதுநேரத்தில் வைக்கும். லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகிவிடும்.

எட்டு ஜிபி ரேமுக்குக் குறைந்து எடுக்காதே. சாலிட்வொர்க்ஸுக்குப் பதினாறு நல்லது, அல்லது பின்னால் ரேம் சேர்க்க இடமுள்ள மாடலைக் கேள். பணம் கட்டுமுன் துறை அலுவலகத்துக்குப் போய், நாலு வருடத்துக்கும் ஆய்வகத்தில் என்னென்ன மென்பொருள் என்று பட்டியல் வாங்கு. அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சேர்ந்தே கடைக்குப் போவோம்.

அன்புடன்,
மாமா