போர்டை மாற்றுவதா, வேண்டாமா?

"மதர்போர்டு போச்சு சார், புதுசா போட்டுடுங்க." 2019-இல் ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையொன்றில் எனக்குச் சொன்னார்கள். 2014-இல் அசெம்பிள் செய்து வாங்கிய மெஷின் அது. நான்காம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது.

கையில் பணமில்லாததால் வீட்டுக்கே தூக்கி வந்தேன். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களை மகளின் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்து மாட்டினேன். வந்துவிட்டது! பின்னொரு முறை தினமும் தேதி 2013-க்குப் போய் நின்றது. போர்டிலிருந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். போர்டின் மேல் பழி போடுவது சுலபம். கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டாவது போடலாம்.

மெதுவாக ஓடுகிறது என்பது வேறு நோய். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசசர் சும்மா உட்கார்ந்திருந்தது. டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஓரங்கட்டிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டேன். அந்த எச்81 அதற்குப் பிறகும் ஆறு வருடம் உழைத்தது. எக்செல், மெயில், பிழைதிருத்தம் என்று இருக்கிற என் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

போர்டை மாற்ற வேண்டிய காலம் 2025-இல் வந்தது. அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கிறது, டிபிஎம் 2.0-உம் கேட்கிறது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான்; வங்கி வேலை பார்க்கும் மெஷினில் எனக்கு மனம் வரவில்லை. மகளும் வீடியோ எடிட்டிங் ஆரம்பித்திருந்தாள். அதில் திணறியது பிராசசரேதான்.

போர்டு தனியாக வராது; பிராசசரையும் ராமையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். டிடிஆர்3 ராம் டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காராது, வெட்டே இடம் மாறியிருக்கும். பின் எண்ணிக்கையை நம்பியும் ஏமாறக்கூடாது. இன்டெலின் ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் 1151 பின் சாக்கெட்தான், ஆனால் ஒன்றின் போர்டில் மற்றது ஓடாது. இந்த விஷயத்தில் ஏஎம்டி நல்ல பிள்ளை. நண்பர் தன் பழைய பி450 போர்டில் பயாஸை மட்டும் அப்டேட் செய்து ரைசன் 5600 மாட்டிக்கொண்டார். போர்டுக்குச் செலவே இல்லை.

நான் எடுத்தது எச்610 போர்டும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-யும். இந்த போர்டில் டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என இரண்டு வகை விற்கிறார்கள். பெட்டியைப் படிக்காமல் ராம் வாங்கிவிடாதீர்கள், அதுவும் ராம் விலை ஏறிக் கிடக்கிற நேரத்தில்.

இவ்வளவு பார்த்தும் ஓரிடத்தில் சறுக்கினேன். புது போர்டு பிராசசருக்கு 8 பின் மின் இணைப்புக் கேட்டது. என் பழைய பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது 4 பின். மறுநாள் திரும்பவும் ரிச்சி தெரு, கணக்கில் இல்லாத செலவு. பதினொரு வருட எஸ்எம்பிஎஸ்ஸைப் புது போர்டில் கோர்க்க நினைத்ததே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. கேபினெட்டும் எஸ்எஸ்டியும் மட்டும் தப்பின. மெஷினோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டியது என்பதால் அதுவும் போயிற்று.

கடைக்குக் கிளம்புமுன் சைடு பேனலைக் கழற்றி, போர்டில் அச்சிட்ட பெயர், ராம், எஸ்எம்பிஎஸ் லேபிள், அதன் பின்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.