சபையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையில் இந்த ஆண்டு பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு மூத்தவன் சொல்லிவைப்பது:

1. வயது போதாது, அனுபவமில்லை என்று தயங்காதீர்கள். 1833இல் பாரிசில் இந்தச் சபையைத் தொடங்கியபோது ஃபிரடெரிக் ஓசானாமுக்கு 20 வயது, கல்லூரி மாணவர். ஏழைகளின் வீட்டுக்குள் எப்படிப் போக வேண்டும் என்று அந்த இளைஞர்களுக்குப் பழக்கியவர் ரோசலி ரெந்து என்னும் அருட்சகோதரி. நீங்களும் போய்ப் போய்த்தான் பழக வேண்டும்.

2. எப்போதும் இருவராகப் போங்கள். ஆலை வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் அறைகளுக்குத் தங்கைகளே போகட்டும்.

3. ஞாயிறு பூசைக்கு வராதவரை விசுவாசம் குறைந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து விடிந்தபின் வந்து படுத்த பிள்ளை காலைப் பூசைக்கு எப்படி வரும்? யாருக்கு எந்த ஷிப்ட் என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தூங்குகிறவரை எழுப்பிச் செபம் சொல்ல வேண்டாம், மாலையில் போங்கள். வல்லம் வடகாலில் 2024இல் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். வாடகை அறைகளில் இருப்பவர்கள் வேறு. ஊரைவிட்டு வந்திருக்கும் இத்தனை பேர் கோயிலைத் தேடி வரட்டும் என்று காத்திருந்தால் நம் பங்கு பாதிப் பங்குதான்.

4. ஜார்க்கண்டிலிருந்து வரும் ஒராவோன், முண்டா பிள்ளைகளில் கத்தோலிக்கர் பலர் உண்டு. தமிழ்ப் பூசையில் அவர்கள் கடைசி பெஞ்சில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், பெயரைக் கேளுங்கள், அன்பியக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் முன்னோருக்கு 1885 முதல் ஊழியம் செய்தவர் பெல்ஜியத்து இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ். ஆதிவாசிகளின் நிலம் பறிபோனபோது சட்டம் படித்து அவர்கள் வழக்குகளுக்குத் துணைநின்றார். ஞானஸ்நானம் கொடுத்த அதே கையால் மனுவும் எழுதினார். இரக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

5. ஆகவே தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ.யின் விதிகளைப் படித்து வையுங்கள். அரிசி மூட்டையைவிடப் பல வீடுகளுக்கு இது பெரிய உதவி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் கான்ட்ராக்ட் தொழிலாளியும் இதில் சேர வேண்டியவரே. நோய்க்கால உதவிக்குச் சந்தா கட்டிய நாள் கணக்கு உண்டு. வேலையில் அடிபட்டால் அந்தக் கணக்கு கிடையாது: சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை, வேலைக்குத் திரும்ப முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குக் கிடைக்கும். ஆலையில் பிரஸ் மெஷினில் விரல் போன பையனுக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் அவன் ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறான். அவனோடு ஆஸ்பத்திரி வரிசையில் நில்லுங்கள், படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அரை நாள் போகும், போகட்டும்.

6. கொடுப்பதைப் போட்டோ எடுக்காதீர்கள். நம் கூட்டத்தில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. வாங்குகிறவருக்கும் அந்த மறைவு வேண்டும். வேலை போன குடும்பத்தில் இது இன்னும் முக்கியம். 2014இல் நோக்கியா ஆலை மூடியபோது இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நேற்றுவரை சம்பளம் வாங்கியவர் கை நீட்டக் கூசுவார். வாடகை பாக்கி, பள்ளிக் கட்டணம் என்று நீங்களே மெல்லக் கேட்டறியுங்கள்.

7. மதம் கேட்டுக் கொடுக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். பக்கத்து வீட்டார் பெரும்பாலும் நம் மதத்தவர் அல்லர். அவர்கள் வீட்டில் செபிக்க வேண்டுமானால் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வெளியே வந்தபின் அவர்களுக்காகச் செபியுங்கள். கிளம்புமுன் கோயிலில் சற்று முழந்தாளிடுவதை மட்டும் விடாதீர்கள். செபம் குறைந்தால் நாம் செய்வது சேவை என்பது போய் அதிகாரமாகிவிடும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு துணையைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு வீட்டுக்காவது போய்வாருங்கள். அங்கே என்ன தேவை என்று வந்து சொல்லுங்கள். என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.