மழைக்கு முன் படங்களை இடம் மாற்றுங்கள்

மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. தார்ப்பாய் கட்டியாயிற்று, குடை ரிப்பேர் ஆயிற்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பூஜையறைச் சுவரில் தொங்கும் தஞ்சாவூர் ஓவியம்தான் யார் கணக்கிலும் வருவதில்லை. இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

கூரை ஒழுகினால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான படங்களைக் கெடுப்பது சுவர். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சாரலை வெளிச்சுவர் குடித்து, உள்பக்கம் ஓதம் ஏறுகிறது. தஞ்சாவூர் படத்தில் அடியில் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணிமேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த மக்கு, எல்லாவற்றுக்கும் மேல் தங்க ரேக்கும் கற்களும். ஈரத்தில் பலகை உப்பும், காய்ந்தால் சுருங்கும். மக்குக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, வெடிக்கும். பிறகு ரேக்கு செதில் செதிலாக எழும்பும், கல் ஒவ்வொன்றாக உதிரும்.

ஆகவே அக்டோபர் வரை படத்தை உள்சுவருக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றோட விரலளவு இடைவெளி விடுங்கள். இறக்கும்போது பின்கம்பியைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பெரிய படம் நல்ல கனம் இருக்கும். ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். கண்ணாடியில்லாத படமென்றால் முகப்பில் விரலே படக்கூடாது.

மழைக்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணி எடுப்பவர்கள் நம் வீடுகளில் அதிகம். தண்ணீர் பட்டால் மக்கு இளகிவிடும். சந்தனம், குங்குமம் இட வேண்டுமானால் கண்ணாடியின் வெளிப்பக்கம் இடுங்கள். விளக்கும் சற்றுத் தள்ளியே எரியட்டும்.

1894-ல் இதே ஊரில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் பழைய தாள் படம் வீட்டில் இருந்தால், அதற்குத் தனிக் கவலை உண்டு. இராமபாணப் பூச்சிக்குத் தாளும் பசையும் விருந்து. நாப்தலின் உருண்டையைச் சட்டத்துக்குள் போடாதீர்கள். படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவும் வேண்டாம்.

தாராவியில் தகரக் கூரையும் தாழ்ந்த தரையும் சேர்ந்த வீடுகளில் படத்தைத் தரையில் சாய்த்து வைப்பதே கூடாது. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை மறந்தவர் யார்? பரணில் ஏற்றுங்கள், ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே இல்லாமல். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெளுத்துத் துவைத்த பழைய வேட்டியில் சுற்றுங்கள். மேலே தார்ப்பாயைக் குடை மாதிரி விரியுங்கள், மூட்டை கட்டாதீர்கள்.

அப்படியும் நனைந்துவிட்டால் முகம் மேலே இருக்கும்படி மட்டமாகக் கிடத்துங்கள். அறையில் மின்விசிறி ஓடட்டும், நேரே படத்தின்மேல் வேண்டாம். வெயிலும் ஹேர் டிரையரும் வேகமாகக் காயவைத்து விரிசலைப் பெரிதாக்கும். பூஞ்சை தெரிந்தால் தேய்க்காதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு படத்தைத் தனியே வையுங்கள். உதிர்ந்த கற்களைக் காகிதத்தில் மடித்து, சட்டத்தோடு சேர்த்து வையுங்கள். ஃபிரேம் கடைக்காரர் ஃபெவிகாலை எடுப்பதற்குள், கோட்டைப் பகுதியில் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் இருக்கும் கலைப்பொருள் பாதுகாப்பு மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.