எந்தக் கோயிலின் பிள்ளைகள் நாம்?
வன்னிக் குடும்பங்கள் தம் தாய்ப் பங்கைத் தேடிக் காணும் வழி



"அம்மம்மா, நாங்கள் எந்த ஊர் ஆக்கள்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? உருத்திரபுரம் என்பீர்கள், முழங்காவில் என்பீர்கள், தருமபுரம், விசுவமடு என்பீர்கள். "அதுக்கு முதல்?" என்று பிள்ளை விடாமல் கேட்டால் சிலர் பாசையூர், குருநகர், மயிலிட்டி என்று பெருமூச்சோடு சொல்லுவார்கள். சிலர் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொல்லுவார்கள். பலருக்கு அதற்கு மேல் தெரியாது. தெரிந்த அப்பு செத்துப்போனார். எழுதி வைத்திருந்த றங்குப்பெட்டி 2009இல் வழியில் விடுபட்டது.

வன்னியில் உள்ள கத்தோலிக்கர் எல்லாரும் வந்து குடியேறியவர்கள் என்று நான் சொல்லவில்லை. முல்லைத்தீவுக் கரையிலும் மடுவைச் சூழ்ந்த காட்டூர்களிலும் தலைமுறை தலைமுறையாய் வேரூன்றிய குடும்பங்கள் உண்டு. ஆனால் கிளிநொச்சி முதல் வவுனியா வரை இன்று கோயில் வாங்குகளில் இருப்போரிற் பெரும்பாலானோருக்கு வேறோர் ஊரில் ஒரு தாய்க்கோயில் இருக்கின்றது. அதைத் தேடிக் காண்பது எப்படி என்பதே இவ்வாரப் பாடம்.

இந்தக் கலையில் உலகுக்கே வழிகாட்டியவர்கள் ஐரிஷ் மக்கள். அவர்கள் நமக்கு அந்நியரல்லர். யாழ்ப்பாணத்துப் பத்திரிசியார் கல்லூரி அவர்களுடைய பாதுகாவலரின் பெயரைத் தாங்கியது. அதன் அதிபராயிருந்து, யாழ். பொது நூலகம் உருவாகவும் உழைத்துச் சிலையாய் நிற்கும் லோங் அடிகளார் அந்தத் தேசத்தவரே. 1845ஆம் ஆண்டில் அங்கே உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் தம் முன்னோரின் ஊரைத் தேடத் தொடங்கியபோது பெரிய தடை ஒன்று எதிர்ப்பட்டது. 1922 யூன் மாதம் டப்ளின் நகரில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் அரசாங்கப் பதிவுச்சாலை எரிந்து சாம்பலாயிற்று. பழைய குடிசன மதிப்பு ஏடுகள் போயின. அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருந்த புரட்டஸ்தாந்து கோயில் ஏடுகளும் ஏறக்குறைய முழுவதும் போயின. தப்பியவை எவை? கிராமத்துக் கத்தோலிக்கக் கோயில்களில், பங்குச் சுவாமியாரின் அலுமாரியில் இருந்த ஞானஸ்நானப் புத்தகங்கள்! தலைநகருக்குக் கொண்டுபோகப்படாத காரணத்தாலேயே அவை பிழைத்தன. பின்னாளில் அந்நாட்டுத் தேசிய நூலகம் அவற்றை நுண்படச் சுருள்களில் பிடித்து, 2015இல் எவரும் பார்க்கும்படி திறந்துவிட்டது.

அவர்கள் அனுபவத்தால் கற்ற பாடம் ஒன்று நமக்கும் அப்படியே பொருந்தும். "அயர்லாந்து" என்று மட்டும் தெரிந்தால் ஒரு பயனும் இல்லை. பங்கின் பெயர் தெரிய வேண்டும். அந்தப் பெயரைத் தேட வேண்டிய இடம் அயர்லாந்து அன்று, குடியேறிய நாடே. நியூயோர்க்கில் எழுதிய விவாகப் பதிவிலும் பொஸ்ரன் கல்லறைக் கல்லிலுந்தான் ஊர்ப் பெயர் கிடைத்தது. ஆகவே நீங்களும் எடுத்த எடுப்பில் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏற வேண்டாம். வன்னியிலேயே தொடங்குங்கள்.

இனி, கோயில் ஏடு எப்படி வேலை செய்கின்றது என்று பார்ப்போம். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் ஒவ்வொரு பங்குக்குருவும் ஞானஸ்நான ஏடும் விவாக ஏடும் வைத்திருக்கும்படி கட்டளையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் உறுதிபூசுதல், மரித்தோர், பங்குக் குடும்பங்களின் விபரம் ஆகியவற்றுக்கும் ஏடுகள் வேண்டும் என்றது. நமக்கு மிகவும் உதவுவது 1908ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல் நடைமுறைக்கு வந்த சட்டமே. ஒருவர் எங்கே விவாகம் முடித்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு அறிவித்தல் போக வேண்டும். அங்கே அவருடைய பெயருக்கு எதிரே ஓரத்தில் அதை எழுத வேண்டும். இன்றைய திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கின்றது.

இதனால் வரும் நன்மையைக் கவனியுங்கள். உங்கள் அப்பு 1958இல் கிளிநொச்சியிலே விவாகம் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். விவாக ஏட்டில் அவருடைய தாய் தகப்பன் பெயரும், எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதும் இருக்கும். அந்தப் பங்கின் ஏட்டைத் திறந்தால் அவர் பிறந்த நாளும் ஞானத் தாய் தந்தையர் பெயரும் கிடைக்கும்; ஓரத்திலே "1958, கிளிநொச்சி" என்ற குறிப்பும் இருந்தால் நீங்கள் கண்டவர் உங்கள் அப்புவேதான், அதே பெயருள்ள வேறொருவர் அல்லர். இரண்டு ஏடுகளும் ஒன்றையொன்று கை பிடித்திருக்கின்றன. அங்கிருந்து அவருடைய பெற்றோரின் விவாகத்துக்குப் போகலாம். இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடப்பதே முறை. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள் பிறத்தியாரின் பூட்டனைத் தம் பூட்டன் என்று கொண்டாடிய கதைகள் அயர்லாந்திலும் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. இன்று உங்கள் கிராமத்தில் தனிக் கோயில் இருக்கலாம். அப்பு காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் அது ஓலைக் கொட்டிலாய், மாதத்தில் ஒரு நாள் சுவாமியார் வந்து பூசை வைக்கும் கிளைக்கோயிலாய் இருந்திருக்கும். அக்காலப் பதிவுகள் தலைமைப் பங்கின் ஏட்டில்தான் இருக்கும். எந்த ஆண்டில் எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது என்று ஊரிலுள்ள மூப்பரையோ பழைய உபதேசியார் குடும்பத்தையோ கேட்டறிந்த பின் எழுதுங்கள். அரசாங்கப் பத்திரங்களிலும் இதே சிக்கல் உண்டு. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். முல்லைத்தீவு 1970களின் இறுதியில். ஆகவே 1960இல் பரந்தனில் பிறந்தவரின் அத்தாட்சிப் பத்திரத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருந்தால் அவர் குடாநாட்டில் பிறந்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் காணிக் கச்சேரியில் பெற்ற பெர்மிட் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். எங்கிருந்து வந்தார் என்பதை அது சொல்லாமற் போனாலும், எந்தக் காலத்தில் வந்தார் என்பதைக் காட்டும்.

கடற்கரைக் குடும்பங்களின் கதை வேறு. சோளகம் வாடை பார்த்து வாடி மாறிய மக்கள் அவர்கள். பிள்ளை பிறந்தது வாடியில், ஞானஸ்நானம் கொடுத்தது ஊர்க்கோயிலில் என்பது சாதாரணம். ஆகையால் பிறந்த இடத்தையும் ஞானஸ்நானம் பெற்ற இடத்தையும் ஒன்றென எண்ணித் தேடக் கூடாது. இரணைதீவு மக்கள் 1992இல் தீவை விட்டு இரணைமாதாநகரில் வந்து இருந்தார்கள். 2018 ஏப்ரலில் தாமே வள்ளமேறித் திரும்பிப் போனார்கள். இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் பதிவைத் தீவின் பெயரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

மேற்றிராசனங்களின் எல்லையும் மாறியிருக்கின்றது. மன்னார் மறைமாவட்டம் 1981 சனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. வவுனியா அதனோடு சேர்ந்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி பங்குக்குரு ஆண்டுதோறும் தம் ஏடுகளின் பிரதியை மேற்றிராணியாருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே பங்கிலே ஏடு அழிந்திருந்தால், 1981க்கு முந்திய வவுனியாப் பதிவுகளுக்காக யாழ். ஆயர் இல்லத்தையும் விசாரிப்பது முறை.

1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வந்து வன்னியில் குடிசை போட்ட மலைநாட்டுக் குடும்பங்களுக்குத் தேட்டம் இரண்டு கட்டமாகும். முதலில் தோட்டம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று காண வேண்டும். கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை பிரிந்தது 1972இல் என்பதை மறவாதீர்கள். அடுத்தது கடல் கடந்த ஊர். 1949ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் தாத்தா கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி, 1964 ஒப்பந்தத்தின் பின் எடுத்த இந்தியக் கடவுச்சீட்டு, இவற்றில் ஏதாவது ஒன்று உறவினர் கையில் இருந்தால் அதில் பூர்வீகக் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள். அது இராமநாதபுரம் பக்கமாயின், பழைய மதுரை மறைமாவட்டத்திலிருந்து 1987இல் பிரிந்த சிவகங்கை மறைமாவட்டத்துக்கு எழுத வேண்டியிருக்கும்.

இனிப் பெயர்கள். தேடுகிறவர்கள் அதிகம் இடறி விழுவது இங்கேதான். நம்மிடம் ஐரிஷ்காரரைப் போலக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். அதன்மேல், பழைய குருமார் இலத்தீனில் எழுதினார்கள். ஏட்டிலே "யொவான்னெஸ்" என்றிருப்பவர் வீட்டிலே அருளப்புவாகவும் இருக்கலாம், சுவாம்பிள்ளையாகவும் இருக்கலாம். "யாக்கோபுஸ்" யாக்கப்பு ஆகலாம், சந்தியாப்பிள்ளையும் அவரே. "பேத்ருஸ்" இராயப்பு, "பவுலுஸ்" சின்னப்பு, "செபஸ்தியானுஸ்" வஸ்தியாம்பிள்ளை. சின்னப்பு என்பதைச் சின்ன அப்பு என்று எண்ணி ஏட்டிலே தேடினால் ஆயுள் முழுதும் தேட வேண்டியதுதான். வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர் ஏட்டில் இராது. ஆகவே பெயர் ஒன்றை மட்டும் நம்பாமல், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத் தாய் தந்தையர் பெயர் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஞானத் தகப்பன் பெரும்பாலும் நெருங்கிய உறவினராயிருப்பார். அந்தப் பெயரே சில வேளைகளில் தொலைந்த கிளை ஒன்றைக் காட்டிக் கொடுக்கும்.

பங்குத்தந்தைக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். "எங்கள் பரம்பரை முழுவதையும் அனுப்பவும்" என்று எழுதினால் எந்தச் சுவாமியாருக்கு நேரம் இருக்கும்? ஒருவர் பெயர், பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த ஐந்தாண்டுக்குள், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பவை போதும்.

ஏடே இல்லாமற் போயிருந்தால்? ஓடிய ஓட்டத்தில் எத்தனையோ கோயில்கள் கூரை இழந்தன; 2004 டிசெம்பர் 26இல் கடல் வேறு வந்து முல்லைத்தீவுக் கரையை அள்ளிச் சென்றது. அப்போதும் வழி அடைபடவில்லை. ஞானஸ்நானத்தை நிரூபிக்க, ஒருவருக்கும் பாதகமில்லாதவிடத்து, சந்தேகத்துக்கு இடமற்ற ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்று திருச்சபைச் சட்டம் 876ஆம் இலக்கத்தில் சொல்கின்றது. உங்கள் ஞானத்தாய் உயிரோடிருக்கிறாவா? அவதான் உங்கள் ஏடு. அவ நினைவு தடுமாறுமுன் பங்குத்தந்தையிடம் கூட்டிச் செல்லுங்கள். அரசாங்கத்தில் பிறப்புப் பதிவு கிடையாதவர்களுக்கு உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரம் பெறும் வழியும் உண்டு. அதற்கும் ஞானஸ்நானப் பத்திரம் துணை நிற்கும். சேமக்காலைக் கல்லுகளையும் விட்டுவிடாதீர்கள். பாசி படிந்த கல்லைக் கம்பியால் சுரண்டாமல், தண்ணீர் விட்டுக் கழுவி, சாய்ந்த வெயிலில் வாசித்தால் எழுத்துத் தெரியும்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நம்மிற் பலர் ஊரை மறந்ததனால் மறைக்கவில்லை, மறைத்ததனால் மறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் "எந்த ஊர், எந்தக் கோயில்?" என்று கேட்பது பல வேளைகளில் சாதியைக் கேட்பதாகும். அந்தக் கேள்விக்கு அஞ்சிக் காட்டுக்குள் வந்து புதுவாழ்வு தொடங்கியவர்கள் உண்டு. மலைநாட்டிலிருந்து வந்தவர்களை இங்கே நம்மவரே எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அந்தச் சொல் படக்கூடாது என்று தோட்டத்தின் பெயரையே வாயில் எடுக்காத தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது குற்றமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆகவே உங்கள் வீட்டு வேரை நீங்கள் தேடுங்கள். கலியாணம் பேச வந்தவரின் வேரைத் தோண்ட இந்தப் பாடத்தை உபயோகிக்காதீர்கள். ஏட்டிலே தகப்பன் பெயர் இல்லாத ஒரு பதிவைக் கண்டால், அது ஒரு பெண் சுமந்த பாரம் என்று எண்ணி, வாயை மூடிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். இதே காரணத்துக்காகவே அண்மைக்கால ஏடுகளை எல்லார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, முன்னோரை விட்டுப் பிள்ளைகளுக்கு வருவோம். வவுனியாவில் விவாகம் முடித்த உங்கள் மகளின் ஞானஸ்நானம் முழங்காவிலில் நடந்ததென்றால், அந்த அறிவித்தல் முழங்காவிலுக்குப் போய் ஓரத்தில் எழுதப்பட்டதா? கனடாவில் முடித்த மகனுடையது? அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.