இயக்க முறைமை மாற்றமும் வட்டின் இடப்பங்கீடும்

நெல் வைக்கும் பத்தாயத்தின் உட்புறம் பலகைகளால் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறை நிரம்பி வழிகையில் அடுத்த அறை வெறுமையாயிருத்தலும் உண்டு. கணிப்பொறியின் வட்டும் இத்தகையதே. அதனைப் பிரிவுகளாகப் பகுத்து, ஒன்றில் இயக்க முறைமையையும் மற்றொன்றில் நம் கோப்புகளையும் வைக்கின்றோம்.

விண்டோஸ் 10 முறைமைக்கு அளிக்கப்பட்ட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. அதன் பின்னர் வந்த விண்டோஸ் 11 முறைமைக்குக் குறைந்தது 64 கிகாபைட் வட்டு வேண்டும்.

பெங்களூரில் ஒரு பள்ளியின் கணிப்பொறியில் 128 கிகாபைட் வட்டு உள்ளதெனக் கொள்வோம். உற்பத்தியாளர் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுவர். விண்டோஸோ 107 கோடிக்குச் சற்று மிகுதியாகக் கணக்கிடும். ஆகவே திரையில் 119 மட்டுமே தோன்றும். இதில் 'சி' பிரிவுக்கு 70, மீட்புப் பிரிவுக்கு 1, 'டி' பிரிவுக்கு 48 எனப் பங்கிட்டுள்ளனர். மாற்றத்திற்கு முன் 'சி'யில் 25 காலியாயிருந்தது. பின்னர் 4 மட்டுமே எஞ்சியது. இடம் போதாவிடில் மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவப்படாமல் நின்றுவிடும்.

இதற்குக் காரணம் யாது? பழைய முறைமை அழிக்கப்படாமல் 'விண்டோஸ்.ஓல்டு' என்னும் உறையில் வைக்கப்படுகிறது. புதியது ஒவ்வாவிடில் பழையதற்குத் திரும்பவே இவ்வேற்பாடு. வழக்கமாகப் பத்து நாட்களுக்குப் பின் அது தானாகவே நீக்கப்படும். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பழைய பிரிவைத் துடைக்காமல் அதன்மேல் புதிதாக நிறுவியிருப்பின், மதிப்பெண் பட்டியல், கள ஆய்வுப் பதிவு முதலியன அவ்வுறைக்குள்ளேயே இருக்கக்கூடும். உறை நீங்கினால் அவையும் நீங்கும். ஆகவே முதலில் உறையைத் திறந்து பார்த்து, வேண்டிய கோப்புகளை வெளி வட்டொன்றில் படியெடுத்த பின்னரே, அமைப்புகளில் சேமிப்பகம் என்னும் பகுதியின் வாயிலாக அதனை நீக்குதல் வேண்டும்.

'டி'யைச் சுருக்கிச் 'சி'யை விரிக்கலாமே எனச் சிலர் கருதுவர். விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவி, ஒரு பிரிவை அதற்கு அடுத்து வலப்புறமுள்ள காலியிடத்தில் மட்டுமே விரிக்கும். 'டி'யைச் சுருக்கினால் கிடைக்கும் இடமோ அதன் கடைக்கோடியில் அமையும்; இடையே மீட்புப் பிரிவும் 'டி'யும் தடையாக நிற்கும். எனவே பிரிவின் எல்லையை மாற்றுவதினும், ஒளிப்படம், காணொளி போன்ற பெருங்கோப்புகளைச் 'சி'யிலிருந்து 'டி'க்கு மாற்றுவதே எளிது, தீங்கற்றதும் ஆகும்.

சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இத்தகைய முறைமைகளில் பழைய கருநிரல்கள் சேர்ந்து 'பூட்' பிரிவை நிரப்புதல் உண்டு. 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்னும் கட்டளை தேவையற்றவற்றை நீக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் கருநிரலைக் கையால் அழித்தலாகாது.

பெரிய நிறுவனங்களும் இவ்விடர்ப்பாட்டிற்கு விலக்கல்ல. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தியின் நினைவகத்தில் கோப்புகள் மிகுந்தமையால், அதன் கணிப்பொறி மீண்டும் மீண்டும் நின்று தொடங்கியது. தேவையற்ற கோப்புகளை நீக்கிய பின்னரே அது சீரடைந்தது.

சுருங்கக் கூறின், முதலில் படியெடுத்தல், அடுத்துச் சோதித்தல், பின்னர் நீக்குதல், இறுதியில் மட்டுமே பிரிவுகளை மாற்றுதல் என்னும் வரிசையை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தவறாது கைக்கொள்ளல் நன்று.