மருந்து தருபவர் பதிவு பெற்றவரா?

ஊர் திரும்பிச் சில வாரங்களே ஆகின்றன. பிள்ளைக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல். அரச வைத்தியசாலைக்குப் போக பஸ் குறைவு. "சந்தியில் ஒருவர் ஊசி போடுகிறார், முகாமிலும் அவர்தான் எங்களைப் பார்த்தவர்" என்று அயலவர் சொல்கிறார்கள். அவரிடம் போகலாமா?

அவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வந்திருப்பது டெங்குவாக இருந்தால், காய்ச்சலுக்கும் உடல் வலிக்கும் கொடுக்கும் சில வலிநிவாரணிகள் இரத்தக் கசிவைக் கூட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஊசிக்குக் கை நீட்டும் முன், அவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

பதிவு எதற்கு?

பதிவு பெற்றவர் உரிய படிப்பையும் பயிற்சியையும் முடித்தவர் என்பதைச் சட்டப்படி அமைந்த ஒரு சபை பார்த்து உறுதிசெய்துள்ளது. அவர் தவறு செய்தால் அந்தச் சபையில் முறையிடலாம். பதிவில்லாதவரிடம் இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை.

யார், எங்கே பதிவு பெறவேண்டும்?

• மேலைத்தேய வைத்தியர்கள், பல் வைத்தியர்கள், உதவி வைத்திய அதிகாரிகள், மருந்தாளர்கள், மருத்துவ மாதுக்கள்: இலங்கை மருத்துவ சபை. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் இதற்குரியது. எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றவரும் உள்ளகப் பயிற்சியை முடித்த பின்னரே முழுப் பதிவு பெறுவார்.

• சித்த, ஆயுர்வேத, யுனானி வைத்தியர்கள்: ஆயுர்வேத மருத்துவ சபை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இதற்குரியது. பரம்பரை வைத்தியர்களும் இங்கேயே பதிவு பெறவேண்டும்.

• தனியார் வைத்தியசாலைகள், சிகிச்சை நிலையங்கள், இரத்தப் பரிசோதனைக் கூடங்கள்: 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வைத்தியரின் பதிவுக்கு மேலதிகமாக நிலையத்துக்கும் பதிவு வேண்டும்.

எப்படி அறிந்துகொள்வது?

1. சுவரில் உள்ள பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். நிலையத்தின் சான்றிதழ் இவ்வருடத்துக்குரியதா என்றும் கவனியுங்கள்.
2. மருந்துச் சிட்டையில் வைத்தியரின் பெயரும் பதிவிலக்கமும் கொண்ட முத்திரை உள்ளதா எனப் பாருங்கள்.
3. சிட்டை தராமல், பெயர் எழுதாத பொட்டலத்தில் குளிசை தந்தால், "இது என்ன மருந்து?" என்று கேளுங்கள். பதில் தராவிட்டால் அதைப் பாவிக்காதீர்கள்.
4. சந்தேகம் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையாகப் பதிவு பெற்றவர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

உங்கள் வீட்டில் சுகாதாரப் பணி செய்தவர் இருக்கிறாரா?

முகாமில் தொண்டராக மருந்து கட்டியவர்கள், ஊசி போட்டவர்கள் பலர். அந்த நெருக்கடியில் அவர்கள் செய்த சேவை பெரிது. ஆயினும் அனுபவக் கடிதமோ சில நாள் பயிற்சிச் சான்றிதழோ பதிவு ஆகாது. அதை வைத்துக்கொண்டு தனியாக வைத்தியம் செய்வது நோயாளிக்கும் ஆபத்து, அவருக்கும் சட்டச் சிக்கல்.

இந்தியாவில் படித்துத் திரும்பியவர்கள் பட்டச் சான்றிதழ், புள்ளிப் பட்டியல், அங்கு பெற்ற பதிவு ஆகியவற்றின் மூலப் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே இங்கு வைத்தியராகப் பதிவு பெறலாம். தாதியர், ஏனைய துறைகளில் படித்தவர்கள் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையில் முதலில் விசாரியுங்கள்.

இலங்கையில் ஏற்கெனவே பதிவு பெற்றவரின் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் மனம் தளரவேண்டாம். கடதாசி தொலைந்ததால் பதிவேட்டிலுள்ள பெயர் அழிந்துவிடாது. உரிய சபையுடன் தொடர்புகொண்டு பிரதி பெறும் முறையைக் கேளுங்கள்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

பாம்பு கடித்தால் உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அங்கு செல்லுங்கள். பாம்பு விஷமுறிவு மருந்தும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் அரச வைத்தியசாலைகளில் இலவசம். கர்ப்பிணித் தாய்மாரும் கைக்குழந்தை உள்ளவர்களும் ஊர் வந்ததும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதியுங்கள். அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், அதற்குக் கட்டணம் இல்லை.

வீட்டில் பேசிப் பாருங்கள்

• நாங்கள் கடைசியாக மருந்து எடுத்தவரின் பதிவிலக்கம் சிட்டையில் உண்டா?
• எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் யார்?
• இரவில் அவசரம் வந்தால் எந்த வைத்தியசாலைக்கு, யாருடைய வாகனத்தில் போவோம்?

மூன்றுக்கும் விடையை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டி வையுங்கள்.